அட்வான்ஸ் போனது போனதுதானா?

கிரய ஒப்பந்தம் எழுதும் எந்தப் பத்திர எழுத்தரிடமும் ஒரு வாசகம் தயாராக இருக்கும்: கெடுவுக்குள் பாக்கியைக் கட்டிக் கிரயம் முடிக்கத் தவறினால், வாங்குபவர் கொடுத்த முன்பணத்தை இழந்துவிட வேண்டியது. திண்டுக்கல் பக்கம் மனை வாங்குகிறவர்களில் பலர் இந்த வரியைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். படித்தவர்களில் சிலரோ, கெடு தாண்டிய மறுநாளே பணம் போய்விட்டது என்று தாங்களாகவே முடிவுகட்டி வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த அத்தியாயம் முக்கியமாக இந்த இரண்டாவது வகையினருக்கு.

ஒருவர் செய்த தவறுக்காகவோ, ஒரு நிபந்தனையை மீறியதற்காகவோ, அவருக்கு உரிய சொத்தோ பணமோ உரிமையோ ஈடு எதுவும் இல்லாமல் கையைவிட்டுப் போவதுதான் பறிமுதல். ‘ஈடு இல்லாமல்’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நான்குவழிச் சாலைக்காக அரசு உங்கள் தோட்டத்தை எடுத்துக்கொண்டால் அது பறிமுதல் ஆகாது. அதற்கு இழப்பீடு உண்டு. கோர்ட் அமீனா வந்து ஜப்தி செய்தாலும் அது பறிமுதல் ஆகாது. சொத்து இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது, விற்கத்தான் முடியாது. கடனுக்காக ஏலம் போனாலும், கடன் கழிந்து மிஞ்சுவது உங்களுடையது. பறிமுதலில் மட்டும்தான் மிச்சம் எதுவும் திரும்பி வராது.

அதனால்தான் ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பறிப்பது யார், நீங்கள் கையெழுத்திட்ட காகிதமா, இல்லை சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டமா? காகிதம் என்றால் நீதிமன்றம் பெரும்பாலும் உங்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். சட்டம் என்றால் உங்களுக்கு இருப்பது நோட்டீஸும் கெடு தேதியும் மட்டுமே.

இந்த மண்ணில் நோட்டீஸே இல்லாத காலமும் இருந்தது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த திண்டுக்கல் சீமையில், விருப்பாச்சி கோபால நாயக்கர் கிளர்ச்சி செய்தார். 1801-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள், பாளையத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அரசனை எதிர்த்தவனின் தலையும் நிலமும் சேர்ந்தே போவது அந்தக் காலத்து நியாயம். இன்று அரசியல் சட்டத்தின் 300-ஏ பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. சொத்துரிமை இப்போது அடிப்படை உரிமை இல்லைதான்; 1978-இல் நிறைவேறிய 44-ஆவது திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் தாசில்தாரோ போலீஸாரோ ஒரு சொத்தைத் தொட வந்தால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது.

நிலத்துக்குக் கொடுத்த முன்பணம்

வக்கீல்களிடம் அடிக்கடி வரும் விவகாரம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். வத்தலகுண்டு சாலையில் ஒரு மனை, விலை 30 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 லட்சம் கொடுத்து ஆறு மாதக் கெடுவில் ஒப்பந்தம் போட்டீர்கள். வங்கிக் கடன் கிடைக்கவில்லை, கெடு தாண்டிவிட்டது. விற்பவர், "ஒப்பந்தத்துல எழுதியிருக்குல்ல, பணம் திரும்ப வராது" என்கிறார்.

அவர் சொல்வது பாதி சரியாக இருக்கலாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆவது பிரிவில், ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலும், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே என்கிறது. 1963-இல் பதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. டெல்லியில் ஒரு பங்களாவை 1,12,500 ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம். அச்சாரமாக 1,000, பிறகு 24,000 கைமாறியிருந்தது. கிரயம் நடக்கவில்லை. அச்சாரமான 1,000 ரூபாயை விற்பவர் வைத்துக்கொள்ளலாம், 24,000-ஐ நஷ்டம் நிரூபிக்காமல் வைத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பானது.

ஆக, உங்கள் 6 லட்சம் அச்சாரமா, கிரயத் தொகையில் ஒரு பகுதியா என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. வாங்குபவர் பின்வாங்க மாட்டார் என்பதற்கு உறுதியாகக் கொடுக்கப்படுவது அச்சாரம். பேரம் முடிந்தால் அது விலையில் கழியும். வாங்குபவர் தவறால் முறிந்தால் போய்விடும். 2012-இல் சதீஷ் பத்ரா வழக்கில் 70 லட்ச ரூபாய் சொத்துக்குக் கொடுத்த 7 லட்சம் அச்சாரம்தான் என்று சொல்லி, விற்பவர் அதை வைத்துக்கொள்வதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2025 மே மாதம் பெங்களூர் வழக்கு ஒன்றில் 20 லட்ச ரூபாயையும் அப்படியே ஏற்றது. அந்த வழக்கில் வாங்கியவருக்கு இன்னொரு இடறலும் நேர்ந்தது: கிரயம் செய்து தரக் கேட்டு வழக்குப் போட்டவர், அது கிடைக்காவிட்டால் முன்பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்று தனியாகக் கேட்கவில்லை. குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 22-ஆவது பிரிவுப்படி அதை வழக்கிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்க மறந்தாலும் மனுவைத் திருத்தக் கோர்ட் அனுமதிக்கலாம். திருத்தவும் இல்லையென்றால் நீதிபதியால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் வக்கீல் தயாரித்த பிராதில் இந்த ஒரு வரி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வக்கீலிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

மறுபக்கத்தில் 2015-இன் கைலாஷ் நாத் தீர்ப்பு இருக்கிறது. டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982-இல் ஏலம் விட்ட மனைக்கு 3.12 கோடி கேட்பு. 78 லட்சம் கட்டப்பட்டிருந்தது. பிறகு ஆணையம் அந்தப் பணத்தைப் பறிமுதல் செய்து, அதே மனையை 1994-இல் 11.78 கோடிக்கு விற்றது. ஒப்பந்தத்தை மீறியதே ஆணையம்தான், அதற்கு நஷ்டம் எதுவும் ஏற்படவுமில்லை, ஆகவே பணத்தைத் திருப்பிக் கொடு என்றது நீதிமன்றம். நிலவிலை ஏறிக்கொண்டே போகும் நம் ஊர்ப் பக்கத்தில் இந்தத் தீர்ப்பு கைகொடுக்கும். கெடு தாண்டிய பிறகு விற்பவர் அதே மனையை வேறொருவருக்குக் கூடுதல் விலைக்கு விற்றிருந்தால், அந்தக் கிரயப் பத்திரத்தின் நகலைப் பதிவாளர் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நஷ்டமில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இனி, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை. பணத்தை வங்கி மூலம் கொடுங்கள். ஒப்பந்தத்தில் சிறு தொகையை மட்டும் அச்சாரம் என்றும், மீதியைக் கிரயத் தொகையில் பகுதி என்றும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும் என்று ஒரு வரி சேர்க்க முடிந்தால் பாதித் தலைவலி அங்கேயே தீரும். விற்பவர் மறுத்தால், அவர் எதை எதிர்பார்க்கிறார் என்பது உங்களுக்கு அப்போதே தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தையும் கிரயம் செய்து தரக் கேட்கும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பிப் பதிவுச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். கெடு நெருங்கும்போது, பாக்கிப் பணம் தயார், பத்திரம் பதிய வாருங்கள் என்று ஒப்புகை கிடைக்கும் வகையில் பதிவு செய்த தபால் அனுப்புங்கள். கிரயம் கேட்டு வழக்குப் போட, ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து மூன்று வருடம்.

ஏலத்தில் கட்டிய பணம்

மேலே சொன்ன பாதுகாப்பு எதுவும் வங்கி ஏலத்துக்குச் செல்லாது. கடன் வசூலுக்கான சர்ஃபாசி சட்டப்படி வங்கி ஏலம் விடும் வீட்டையோ மில்லையோ எடுத்தால், 25 சதவீதத்தை அன்றே அல்லது அடுத்த வேலை நாளில் கட்ட வேண்டும். மீதியை ஏலம் உறுதியான 15 நாளில். வங்கி எழுத்துமூலம் சம்மதித்தால் மூன்று மாதம் வரை நீளும். அதற்குள் கட்டாவிட்டால் அந்தச் சட்டத்துக்கான 2002-ஆம் ஆண்டு விதிகளின் 9(5)-ஆம் விதி, கட்டிய பணத்தைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது. கோயம்புத்தூர்ச் சொத்து ஒன்றை 12 கோடியே சொச்சத்துக்கு ஏலம் எடுத்தவர், கட்டிய 3 கோடிக்கு மேற்பட்ட பணத்தை இப்படித்தான் இழந்தார். சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஓரளவு இரங்கியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, இங்கே பறிப்பது சட்டம், ஆகவே ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு குறுக்கே வராது என்றது. மூடிய நூற்பாலைகளின் ஏல விளம்பரம் திண்டுக்கல் பக்கம் அவ்வப்போது வரும். கடன் ஒப்புதல் கடிதம் கையில் இல்லாமல் ஏலத்தில் கைதூக்காதீர்கள்.

மாநகராட்சிக் கடை ஏலம், டெண்டர் போன்றவற்றில் கட்டும் வைப்புத்தொகைக்கும் கவனம் தேவை. கேட்பைக் கொடுத்துவிட்டு இடையில் பின்வாங்கினால் அந்தப் பணத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று 2003-இல் தேசிய நெடுஞ்சாலை ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது.

வாடகை, குத்தகை, ஒத்தி

வாடகை பாக்கி வைத்தால் குத்தகை உரிமை பறிபோகும் என்று எழுதியிருந்தாலும், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 111-ஆவது பிரிவு எழுத்துமூல நோட்டீஸைக் கேட்கிறது. நோட்டீஸ் கொடுத்த பின் புதிதாகச் சேர்ந்த வாடகையை உரிமையாளர் கைநீட்டி வாங்கிக்கொண்டால், பறிப்பை அவரே கைவிட்டதாகப் பொருள் (பிரிவு 112). வழக்குப் போட்ட பிறகு வாங்கினால் அப்படி ஆகாது. வழக்கு விசாரணையின்போது பாக்கி, வட்டி, செலவு எல்லாவற்றையும் வாடகைதாரர் கட்டிவிட்டால், பறிப்பிலிருந்து விடுவிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு (பிரிவு 114).

ஊருக்குள் இருக்கும் வீடு, கடைகளுக்கு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் பொருந்தும். இரண்டு மாத வாடகை பாக்கி என்று உரிமையாளர் நோட்டீஸ் கொடுத்து, ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டாவிட்டால்தான் அந்தக் காரணத்தைச் சொல்லி வாடகை நீதிமன்றம் போக முடியும். ஒப்பந்தத்தில் வேறு எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்தில், கழிக்க வேண்டியதைக் கழித்து மீதியைத் தந்துவிட வேண்டும்.

2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டுக்குச் சொந்தக்கார ஊர் திண்டுக்கல். ஆனாலும் வாடகைக்காரர் கடைக்கு மேலே இரண்டாவது பூட்டுத் தொங்கவிடும் உரிமை எந்த உரிமையாளருக்கும் இல்லை. அப்படிச் சட்ட வழியல்லாமல் வெளியேற்றப்பட்டால், குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் சொத்து யாருடையது என்ற கேள்வியே எழாது; யார் அனுபவத்தில் இருந்தார் என்பதை மட்டும் பார்ப்பார்கள்.

வயல் குத்தகையில் ஆபத்து வேறு திசையிலிருந்து வரும். சாகுபடிக் குத்தகைதாரரை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் நன்றாகவே காக்கிறது. வருவாய் நீதிமன்றம் போகாமல் வெளியேற்ற முடியாது. ஆனால், இது எங்க பாட்டன் நிலம், உனக்கென்ன பாத்தியதை என்று நில உரிமையாளரின் உரிமையையே வேண்டுமென்று மறுத்தால், அந்த மறுப்பே வெளியேற்றக் காரணமாகிவிடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தூண்டிவிட்டு இப்படி எழுதிக் கொடுத்துக் கெட்டவர்கள் உண்டு.

ஒத்தி விஷயத்தில் ஊரில் நிலவும் நம்பிக்கை முழுக்கத் தவறு. கெடுவுக்குள் மீட்காவிட்டால் ஒத்தி வாங்கியவருக்கே சொத்து கிரயம் என்று எழுதினாலும், மீட்கும் உரிமை அதனால் போகாது. 2014-இல் சிங் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம், அனுபவ ஒத்தியை மீட்க 30 வருடக் கணக்கு ஒத்தி எழுதிய நாளிலிருந்து ஓடாது, பணம் கட்டப்பட்ட அல்லது அனுபவத்தில் கழிந்த நாளிலிருந்துதான் ஓடும் என்றது. தாத்தா வைத்த ஒத்தியைப் பேரன் மீட்கலாம். இதில் ஏமாறுகிறவர் பெரும்பாலும் பணம் கொடுத்தவர்தான்: வீட்டை ஒத்திக்குப் பிடித்து லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, பத்திரத்தைப் பதியாமல் விட்டிருப்பார். 100 ரூபாய்க்கு மேற்பட்ட அனுபவ ஒத்திக்குப் பதிவுப் பத்திரம் இல்லையென்றால், வீட்டின் மேல் பிடிமானம் இல்லை, வெறும் கைக்கடனாகிவிடும்.

நகைக்கும் இதே போன்ற நியாயம்தான். தவணை தாண்டியதும் நகை மூழ்கிவிட்டது என்று அடகுக் கடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 176, 177 பிரிவுகள்படி, விற்பதற்கு முன் நியாயமான அவகாசத்தோடு நோட்டீஸ் தர வேண்டும். உண்மையில் விற்கும் கணம் வரை மீட்கலாம். கடனுக்கு மேல் கிடைத்த தொகை உங்களுடையது. ஏலம் நடந்த தேதியையும் விலையையும் எழுத்தில் கேளுங்கள்.

மில்லில் உழைத்த பணம்

2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்ட நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கிராமத்துப் பெண் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. உடம்புக்கு முடியாமல் இரண்டரை வருடத்தில் ஊர் திரும்பிய பெண்ணுக்குப் பல இடங்களில் அந்தத் தொகை கிடைக்கவில்லை. இந்த அத்தியாயத்தில் சொல்லும் பறிப்புகளிலேயே கேவலமானது இதுதான் என்பேன். மாதாமாதம் பிடித்து வைத்த கூலியைச் சேர்த்துவைத்துப் பரிசு என்று பெயர் சூட்டியதால் அது கூலி இல்லை என்று ஆகிவிடாது. சட்டம் அனுமதித்த பிடித்தம் தவிர வேறெதையும் கூலியிலிருந்து எடுக்கக் கூடாது என்று 1936 முதலே இருக்கிறது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பும் அதையே சொல்கிறது. வேலையை விட்டால் இரண்டு வேலை நாளில் கணக்கை முடிக்கச் சொல்கிறது. வருங்கால வைப்பு நிதியைக் கடன்காரர்கூட ஜப்தி செய்ய முடியாது.

பணிக்கொடை மட்டும் கொஞ்சம் வேறு. தொழிலாளி நிர்வாகத்துக்கு நஷ்டம் ஏற்படுத்தி, அதற்காக வேலைநீக்கம் ஆனால், அந்த நஷ்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையைப் பிடிக்கலாம். வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் என்றால் முழுவதையும்கூட. கோர்ட்டில் தண்டனை பெற்றிருந்தால்தான் பிடிக்கலாம் என்று 2018-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 பிப்ரவரியில் தண்டனை அவசியமில்லை என்று மாற்றியது. அதனால் மில்லில் நடக்கும் உள் விசாரணையைச் சடங்கு என்று நினைத்துப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

அரசு கொடுத்த நிலமும், ஜாமீன் கையெழுத்தும்

செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு கொடுத்தவைதான் பஞ்சமி நிலங்கள். பத்து வருடத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்க வேண்டும். மீறி வாங்கியவரிடமிருந்து ஈடு இல்லாமல் அரசு திரும்ப எடுக்கலாம். ஏமாந்து வாங்கிய நடுத்தரக் குடும்பத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நிலத்தை முதலில் இழந்தது யார் என்பதையும் சேர்த்துத்தான் நியாயம் பேச வேண்டும். பிற்காலத்து நிபந்தனை ஒப்படை நிலங்களுக்கும் இப்படி நிபந்தனைகள் உண்டு. விலை சந்தையைவிட மலிவாக இருந்தால் வில்லங்கச் சான்று மட்டும் போதாது. கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும் ‘ஏ’ பதிவேட்டைப் பார்த்து, நிலம் முதன்முதலில் யாருக்கு எப்படி வந்தது என்று தேடுங்கள்.

உறவுக்காரப் பையனுக்காகக் கோர்ட்டில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கும் ஒரு வார்த்தை. அவன் வாய்தாவுக்கு வராவிட்டால் உங்கள் பிணைத்தொகை பறிமுதலாகும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 491-ஆவது பிரிவுப்படி, ஏன் கட்டக் கூடாது என்று விளக்கம் கேட்டு முதலில் நோட்டீஸ் வரும். அதற்கு நேரில் போய்ப் பதில் சொன்னால் தொகையைக் குறைக்கவும் நீதிபதியால் முடியும். பையன் போக்குச் சரியில்லை என்று முன்கூட்டியே தெரிந்தால், 489-ஆவது பிரிவில் மனுக் கொடுத்து ஜாமீனிலிருந்து விலகிக்கொள்ளலாம். உறவு கெடுமே என்று தயங்கினால் பணம் போகும்.

நோட்டீஸ் எதுவாக இருந்தாலும் வாங்க மறுக்காதீர்கள். மறுத்தாலும் சார்வு ஆனதாகவே கணக்கு. உறையின் மேல் கிடைத்த தேதியை எழுதி வையுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், திண்டுக்கல் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே அங்கே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்புக்குள் இருந்தால் உண்டு. தொலைபேசி எண் 15100. ஒப்பந்தம், ரசீது, தபால் ஒப்புகை, வங்கிக் கணக்கு நகல் இவற்றை எடுத்துக்கொண்டு, கெடு முடிவதற்குள் போங்கள்.